கல்லூரி நிகழ்ச்சிகளும் அறிவிப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஒரு சிறிய கல்லூரியில் வாராந்தர அறிவிப்புப் பக்கத்தைத் தொகுக்கிறேன். அந்த வாரம் வளாகத்தில் என்ன நடக்கிறது, எந்த விண்ணப்பத்துக்கு எது கடைசி நாள், எந்த அரங்கம் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நோட்டீஸ் போர்டின் சாவியும் என்னிடம்தான். படிக்கட்டிலும் நூலக வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிவைத்திருக்கிறேன். அறை ஒதுக்கீடு, அனுமதி ஆகியவற்றில் மட்டும் உங்கள் கல்லூரி அலுவலகம் சொல்வதே முடிவு.

போர்டு, மெயில், வாட்ஸ்அப்னு மூணு இடத்துல வருது. எதைப் பார்க்கணும்?

திருத்தம் முதலில் எங்கே வருகிறதோ அதைப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அது இணையத்தில் உள்ள நிகழ்ச்சிக் காலண்டர், அல்லது வாராந்தரப் பக்கம். ஒட்டிய காகிதம், ஒட்டிய நாளில் சரியாக இருந்தது. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல முடியும்.

வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் செய்தியில் யார் எழுதியது, எப்போது எழுதியது என்பது பெரும்பாலும் இருக்காது. போன செமஸ்டர் அறிவிப்பு இந்த செமஸ்டரில் மறுபடி வலம் வருவதை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் மூன்றாவது நண்பரைக் கேட்காதீர்கள். அறிவிப்பின் கீழே இருக்கும் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

எல்லா நிகழ்ச்சிக்கும் யார் வேணும்னாலும் போகலாமா?

"அனைவரும் வருக" என்று இருந்தால் வேறு துறை மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் தயங்காமல் போகலாம். முதலாம் ஆண்டு மாணவர்கள் பலர், இது சீனியர்களுக்கானது என்று தாங்களாகவே நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டாம். யாருக்கு என்றே போடாத அறிவிப்பு என்றால் அது எழுதியவரின் விடுபடல், கேட்டுவிட்டுப் போங்கள்.

பதிவு பண்ணணும்னு போட்டிருக்கு, நான் பண்ணலை. நேரா போனா விடுவாங்களா?

எதற்காகப் பதிவு கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். பயிற்சிப் பட்டறையில் ஆளுக்கு ஒரு கணினி தேவை என்றால் இடம் இருக்காது. அரங்கின் கொள்ளளவு என்பது தீப்பிடித்தால் எல்லோரும் பத்திரமாக வெளியேற முடியுமா என்பதையும் சேர்த்து முடிவு செய்த எண். அதனால் "ஓரமா நின்னுக்கறேன்" என்று கேட்டு வாசலில் நிற்கும் தன்னார்வலரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. பதிவு செய்துவிட்டு வர முடியாமல் போனால் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவர் அந்த இடத்துக்காக இருக்கிறார்.

எங்க மன்றத்து நிகழ்ச்சியைப் போடணும். என்னென்ன அனுப்பணும் மேடம்?

நிகழ்ச்சியின் பெயர், தேதி, கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், யாருக்கு, பதிவு தேவையா, பொறுப்பாளர் யார். இவற்றில் அடிக்கடி விடுபடுவது முடியும் நேரம். பேருந்து பிடிக்க வேண்டியவரும் வீட்டில் குழந்தை காத்திருக்கும் ஆசிரியரும் அதைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். இடத்தைச் சொல்லும்போது கட்டடம், மாடி, அறை எண் மூன்றும் வேண்டும். "பழைய செமினார் ஹால்" என்றால் புதிதாகச் சேர்ந்தவருக்கு எது பழையது என்று எப்படித் தெரியும்?

மாடிப்படி ஏறாமல் அங்கே போக முடியுமா என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் ஒவ்வொரு முறையும் போன் செய்து கேட்க வேண்டியிருப்பது நியாயமில்லை. லிஃப்ட் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். அந்த வரியை எழுத உட்கார்ந்த பிறகு தரைத்தள அறைக்கு மாற்றிக்கொண்ட மன்றங்கள் உண்டு.

அப்புறம், நிகழ்ச்சியில் என்ன நடக்கும் என்று இரண்டு வாக்கியம். "மாபெரும் கருத்தரங்கம்" என்ற தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஒரு மாலையை ஒதுக்க மாட்டார்கள். யார் பேசுகிறார், எதைப் பற்றி, கேள்வி கேட்க நேரம் உண்டா என்பது தெரிந்தால் வருவார்கள்.

எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?

வளாகத்துக்குள் நடப்பது என்றால் இரண்டு வாரம். வெளியிலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றால் மூன்று, நான்கு வாரம். மிகவும் முன்கூட்டியே சொன்னால் மறந்துவிடுவார்கள் என்ற கவலை வேண்டாம். முந்தின நாள் ஒரு நினைவூட்டல், அன்று காலை ஒரு வரி, அது போதும். அதற்கு மேல் போனால் அடுத்த முறை உங்கள் மெயிலைத் திறக்கவே மாட்டார்கள்.

தேதி கொடுத்தாச்சு. கிழமையும் ஏன் கேட்கறீங்க?

தேதியில் பிழை இருந்தால் கிழமைதான் காட்டிக்கொடுக்கும். 14 என்பதற்கு 15 என்று தட்டச்சு செய்துவிட்டால், கிழமை பொருந்தாமல் நிற்கும். படிப்பவர் யாராவது கேட்பார். கிழமை இல்லாவிட்டால் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் அச்சாகிவிடும்.

பழைய போஸ்டரை இனம்காணவும் இது உதவும். 365 நாளில் 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம். அதனால் அதே தேதி அடுத்த ஆண்டில் ஒரு கிழமை தள்ளி வரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை. போன வருடப் போஸ்டரில் ஆண்டை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். மாதத்தையும் எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்றால் சிலருக்கு ஜூன் 5, சிலருக்கு மே 6.

"அடுத்த வெள்ளி"ன்னு போட்டா என்ன தப்பு? எல்லாருக்கும் புரியுமே.

திங்களன்று "அடுத்த வெள்ளி" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் இன்னும் நான்கு நாள் என்பார்கள், மீதிப் பேர் அடுத்த வாரம் என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியான தமிழ்தான். அதனால்தான் அது அறிவிப்புக்கு உதவாது. "நாளை", "இன்று மாலை" ஆகியவையும் அப்படியே; மெயிலை மறுநாள் திறப்பவருக்கு நாளை என்பது வேறு நாள்.

கடைசி நாள் வெள்ளி இரவு 12 மணின்னு இருக்கு. எந்த 12 மணி?

இந்தக் கேள்வி வந்தாலே அறிவிப்பு தவறு என்று அர்த்தம். வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எழுதுகிறவர் "வெள்ளி இரவு 11:59 வரை" என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. விண்ணப்பிக்கிறவர் இரண்டில் முந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்னால் அனுப்பியதால் யாரும் உதவித்தொகையை இழந்ததில்லை.

ஆன்லைன் சொற்பொழிவு. பேசறவர் வேற நாட்டுல இருக்கார். நேரத்தை எப்படிப் போடறது?

உங்கள் வளாகத்தின் நேரத்தை முதலில் போட்டு, அது எந்த ஊர் நேரம் என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே பேசுகிறவரின் ஊர் நேரம். நாட்டுக்கு நாடு நேர வித்தியாசம் எப்போதும் முழு மணிக்கணக்கில் இருக்காது. நேபாளம் உலகப் பொது நேரத்துக்கு (UTC) 5 மணி 45 நிமிடம் முன்னால் இருக்கிறது. மனக்கணக்குப் போடாமல் காலண்டர் அழைப்பாக அனுப்பினால் அவரவர் கருவியே மாற்றிக் காட்டிவிடும்.

தொடர் சொற்பொழிவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். சில நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துகிறார்கள், எல்லோரும் ஒரே நாளில் செய்வதும் இல்லை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மார்ச் கடைசி ஞாயிறு. பிப்ரவரியில் சரியாக இருந்த நேரம் ஏப்ரலில் ஒரு மணி நேரம் பிசகும்.

போஸ்டர் ரொம்ப அழகா வந்திருக்கு. படத்தையே போட்டா போதாதா?

படத்தைப் போடுங்கள், கூடவே அதிலுள்ள எல்லாவற்றையும் எழுத்தாகவும் கொடுங்கள். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பகமாகப் படிக்காது. அவருக்கு உங்கள் அறிவிப்பு "படம்" என்ற ஒரு சொல்லாக முடிந்துவிடலாம். சிறிய போனில் பார்ப்பவரும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அறை எண்ணைத் தேடுகிறார். தேடினால் கிடைப்பதும் எழுத்துதான்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளையில் மஞ்சள், சாம்பலில் வெளிர்நீலம் எல்லாம் கணினித் திரையில் ஓரளவு தெரியலாம், இருண்ட நடைபாதையில் தெரியாது. இணைய உள்ளடக்கத்துக்கான பொது நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கிறது. அதைச் சோதிக்கும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கலாம். "சிவப்பில் இருப்பவை ரத்து" என்று போடாமல், "ரத்து" என்ற சொல்லையே போடுங்கள்.

கியூஆர் கோட் போட்டோம், பாதிப் பேருக்கு ஸ்கேன் ஆகலைன்னு சொல்றாங்க. ஏன்?

1994ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது இது. ஓரளவு அழுக்கும் கிழிசலும் தாங்கும். மிக உயர்ந்த பிழைதிருத்த நிலையில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கலாம். ஆனால் சுற்றிலும், கோடில் இருக்கும் சிறு கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும். போஸ்டர் வடிவமைப்பாளர்கள் முதலில் விழுங்குவது அந்த வெள்ளை ஓரத்தைத்தான். அடுத்தது அளவு. நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது கைக்கணக்கு: இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய 20 செ.மீ.

அச்சடித்த பிறகு கோடுக்குள் இருக்கும் முகவரியை மாற்ற முடியாது. அதனால் நேரடியாகப் படிவத்துக்கு இணைக்காமல், நீங்கள் திருத்தக்கூடிய ஒரு பக்கத்துக்கு இணையுங்கள். கோடுக்குக் கீழே முகவரியை எழுத்திலும் போடுங்கள். கேமரா வேலை செய்யாதவர்களுக்கு மட்டும் அல்ல, வேறு யாராவது மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கண்டுபிடிக்கவும் அது உதவும். பணம் கேட்கும் கோட் என்றால் விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.

அன்னைக்கு வேற நிகழ்ச்சி இருக்குன்னு தேதியை மாத்தச் சொல்றீங்க. ஹால் வேறதானே, அதனால என்ன?

ஹால் இரண்டு, ஆட்கள் ஒன்றே. பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரே மாலையில் பத்து நிகழ்ச்சி நடக்கலாம். சிறிய கல்லூரியில் கவிதை வாசிப்புக்கு வருபவர்தான் குறும்படத்துக்கும் வருவார், விவாத மேடையிலும் உட்காருவார். மைக் கட்டுபவரும் ஒருவர்தான், புகைப்படம் எடுப்பவரும் ஒருவர்தான். இரண்டையும் ஒரே மாலையில் வைத்தால் இரண்டு அரங்கிலும் காலி நாற்காலிகள் இருக்கும், இரண்டு மன்றமும் "யாருக்கும் ஆர்வமில்லை" என்ற தவறான முடிவுக்கு வரும். அந்த முடிவுதான் என்னை மிகவும் வருத்துவது. அதை நம்பி நின்றுபோன மன்றங்களை நான் அறிவேன்.

ஹால் கேட்பதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள், இன்டர்னல் தேர்வு வாரத்தையும் சேர்த்து. உறுதியாகாத தேதியையும் "தற்காலிகம்" என்று குறித்துவையுங்கள். எல்லாம் உறுதியான பிறகு சொல்லலாம் என்று இரண்டு மன்றமும் காத்திருப்பதால்தான் பாதி மோதல்கள் வருகின்றன.

நிகழ்ச்சி ரத்து. போஸ்டரை எல்லாம் கிழிச்சாச்சு, போதும்ல?

போதாது. கிழித்த போஸ்டர், ஏற்கெனவே அதைப் படித்துவிட்டுப் போனவருக்கு எதையும் சொல்லாது. அவர் மனதில் நிகழ்ச்சி இன்னும் இருக்கிறது. போஸ்டரை அப்படியே விட்டு, குறுக்கே பெரிதாக "ரத்து" என்றோ "ஒத்திவைப்பு: புதிய தேதி இது" என்றோ ஒட்டுங்கள். முதல் அறிவிப்பு எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் மாற்றமும் போக வேண்டும். மெயிலின் தலைப்பிலேயே "இடம் மாற்றம்" என்று தொடங்குங்கள். உள்ளே நான்காம் வரியில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை சொற்பொழிவின் அரங்கம் கடைசி நேரத்தில் மாறியது. மெயில் அனுப்பினேன், பக்கத்தைத் திருத்தினேன், பழைய அரங்கின் கதவில் ஒரு காகிதம் ஒட்டவில்லை. அதுவரை கல்லூரி மெயில் முகவரி கிடைக்காத முதலாம் ஆண்டு மாணவிகள் சிலர் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் அவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து மாற்றம் என்றால் முதலில் கதவு, அப்புறம்தான் மெயில்.

காலண்டர்ல சேர்த்துட்டேன், ஆனா பழைய நேரமே காட்டுதே?

நிகழ்ச்சிக் கோப்பை இறக்கிச் சேர்த்திருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு நகல். மூலத்தில் திருத்தினாலும் நகல் மாறாது. கல்லூரிக் காலண்டருக்குச் சந்தா போட்டிருந்தால் தானாக மாறும், அதுவும் உடனே அல்ல. சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அன்றைய நாள் நிகழ்ச்சிக்குக் கிளம்பும் முன் மூலப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திறந்தவெளியில நடத்தறோம். மழை வந்தா?

மாற்று இடம், முடிவெடுக்கும் நேரம், முடிவு எங்கே வெளியாகும், மூன்றையும் முதல் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். "காலை 10 மணிக்குள் இதே பக்கத்தில்" என்ற ஒரு வரி, ஐம்பது போன் அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

வந்தவங்க மெயில் முகவரி எங்ககிட்ட இருக்கு. அடுத்த நிகழ்ச்சிக்கும் அனுப்பலாமா? போட்டோ போடலாமா?

இந்த நிகழ்ச்சிக்காகக் கொடுத்த முகவரி இந்த நிகழ்ச்சிக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கும் வேண்டுமா என்று பதிவுப் படிவத்தில் தனியாக ஒரு கட்டம் வையுங்கள். எல்லோருக்கும் ஒரே மெயில் போகும்போது முகவரிகளை மறைநகல் (Bcc) கட்டத்தில் போடுங்கள். மாணவிகளின் தனிப்பட்ட முகவரி நூறு பேருக்குத் தெரிந்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

போட்டோ எடுப்பதை அறிவிப்பிலும் வாசலிலும் சொல்லுங்கள். எடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வரிசையை ஒதுக்குங்கள். காரணம் கேட்காதீர்கள்.

அந்தக் குழுவோட கூட்டத்தை எப்படிப் போட்டீங்க? எங்களுக்கு உடன்பாடே இல்லை.

பக்கத்தில் இடம்பெறுவது கல்லூரியின் ஒப்புதல் முத்திரை ஆகாது. இப்படி ஒன்று நடக்கிறது என்ற தகவல் மட்டுமே. யார் அறிவிக்கலாம், எதெல்லாம் கூடாது என்ற விதி எழுத்தில், முன்கூட்டியே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். அனுமதி பெற்ற மன்றமா, ஹால் ஒதுக்கப்பட்டதா, யாரையாவது இழிவுபடுத்துகிறதா என்று பார்ப்பேன். கருத்து எனக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினால் நாளைக்கு உங்கள் கூட்டமும் அந்தத் தராசில் ஏறும்.

இரங்கல் செய்தியையும் இந்தப் பக்கத்திலேயே போடலாமா?

தனியாக அனுப்புவதே முறை. நடனப் போட்டிக்கும் விளையாட்டுத் தேர்வுக்கும் நடுவில் ஒரு மறைவுச் செய்தியைப் படிக்க நேர்ந்தால் அந்தக் குடும்பத்தின் மனம் என்ன பாடுபடும்? குடும்பத்தினர் சம்மதித்த பிறகு, அவர்கள் சொல்ல விரும்பியதை மட்டும், முதல்வர் அலுவலகம் வழியாக அனுப்புங்கள். இறந்த விதத்தைப் பற்றி எதுவும் வேண்டாம். மாணவர் ஒருவரின் மறைவு என்றால், நெருங்கிய நண்பர்களிடமும் வகுப்பிலும் ஒருவர் நேரில் சொன்ன பிறகே மெயில் போக வேண்டும். யாரிடம் போய்ப் பேசலாம் என்று ஆலோசகரின் அறையையும் நேரத்தையும் அதில் சேருங்கள்.

ஒரு கைக்கடிகாரம் கிடைச்சுது. போட்டோ எடுத்துப் போர்டுல போடட்டுமா?

போட்டோ வேண்டாம். "நூலகத்தில் ஒரு கைக்கடிகாரம் கிடைத்தது" என்று மட்டும் போட்டு, பட்டை நிறம், பின்பக்கக் கீறல் போன்றவற்றைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு வருபவர் அதைச் சொல்லட்டும். அடையாள அட்டை கிடைத்தால் அதைப் படம் பிடிக்கவே கூடாது. நேராக அலுவலகத்தில் கொடுங்கள்.

எல்லாம் சரியாச் செஞ்சோம். ஆறு பேர்தான் வந்தாங்க மேடம். இனிமே நடத்தணுமா?

முதலில் அன்று வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். தேதி மோதலைப் பற்றி மேலே சொன்னது பெரும்பாலும் இங்கே பொருந்தும். மோதல் இல்லை என்றால், வராத நான்கு பேரைக் கேளுங்கள். "தெரியாது" என்றால் அறிவிப்பில் குறை. "தெரியும், நேரம் ஒத்துவரலை" என்றால் நேரத்தில் குறை. "நமக்கில்லைன்னு நினைச்சேன்" என்றால் யாருக்கு என்ற வரியைத் திருத்துங்கள். இந்த மூன்றாவது பதில்தான் நான் அதிகம் கேட்டது.

வந்த ஆறு பேருக்கு அடுத்த தேதியை அங்கேயே சொல்லிவிடுங்கள், ஆளுக்கு ஒருவரை அழைத்து வரச் சொல்லுங்கள். அடுத்த தேதியை எனக்கும் அனுப்புங்கள், கிழமையோடு.